பதினான்கு நாள் கரை

இங்கிலாந்துக் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு சட்டப்பிரிவு மனப்பாடம். 1995ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டம், பிரிவு 17. படகுக்கு உரிமம் வேண்டுமானால் பாதுகாப்புச் சான்றிதழும் காப்பீடும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்றாவதாக இரண்டில் ஒன்றைக் கேட்கிறது அந்தப் பிரிவு. படகை நிரந்தரமாகக் கட்டி வைக்கச் சட்டப்படியான ஒரு துறை இருக்க வேண்டும். அது இல்லையென்றால், உரிமக் காலம் முழுவதும் படகு மெய்யாகவே பயணத்துக்குப் பயன்பட வேண்டும். எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாட்களுக்கு மேல், அல்லது சூழ்நிலைக்கு நியாயமான கூடுதல் காலத்துக்கு மேல், நிற்கக் கூடாது.

நாள் கணக்கு தெளிவாக இருக்கிறது. பதினான்காம் நாள் முளையைப் பிடுங்கிக் கயிற்றைச் சுருட்டி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. ‘ஓர் இடம்’ என்பது ஒரு பாலத்தடியா, ஒரு கிராமமா, ஒரு நகரமா என்றும் சொல்லவில்லை. இந்த இரண்டு வெற்றிடங்களையும் நிர்வாகம் தன் விதிகளால் நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறது. நிரப்ப நிரப்ப, கரையில் கட்டிய படகுகளுக்குள் வாழும் மனிதர்களின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவமனைத் தேதி எல்லாம் அந்த விதிகளுக்குள் வந்து மாட்டிக்கொண்டன.

விதியைச் செலுத்துவது ‘கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளை. 2012 ஜூலையில் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் என்ற அரசு அமைப்பின் பொறுப்புகளை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இது ஏற்றுக்கொண்டது. சுமார் 2,000 மைல் நீர்வழி, சுமார் 35,000 படகுகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிரந்தரத் துறை உண்டு. உரிமையாளர்கள் வார இறுதியிலும் கோடையிலும் மட்டும் வந்து ஓட்டிப் போவார்கள். துறையில்லாப் படகுகள் சிறுபான்மைதான். ஆனால் அந்தச் சிறுபான்மை வேகமாகப் பெருகியது. லண்டனில் மட்டும் 2012இல் 638 ஆக இருந்த துறையில்லாப் படகுகள் 2019இல் 2,208 ஆயின. அந்த ஏழாண்டுகளில் லண்டன் வீட்டு வாடகை என்ன ஆனது என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண் வியப்பளிக்காது. ஏழு அடிக்கும் குறைவான அகலமும் ஐம்பது, அறுபது அடி நீளமும் கொண்ட இரும்புக் குழாய் போன்ற ஒரு நேரோபோட்டுக்குள் விறகடுப்பும் படுக்கையும் போட்டுக் குடியேறியவர்களில் கால்வாய்க் காதலர்களும் இருந்தார்கள். வேறு கூரை கட்டுப்படியாகாதவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதும் சகஜம்.

கால்வாயில் குடும்பம் நடத்துவது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயிலோடு போட்டி போட முடியாமல் கூலி குறைந்தபோது, படகோட்டிகள் கரையிலிருந்த வீட்டைக் காலி செய்து மனைவி மக்களைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். அந்தச் சிற்றறைகளின் நெரிசலையும் பிள்ளைகளின் எழுத்தறிவின்மையையும் எதிர்த்து ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தவாதி விடாமல் எழுதியதன் விளைவாக 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் வந்தன. படகைக் குடியிருப்பாகப் பதிவு செய்ய வேண்டும், இத்தனை பேர்தான் உறங்கலாம், அதிகாரி வந்து பார்க்கலாம் என்றன அவை. அன்று படகுவாசியிடம் அரசு கண்ட குறை, அவன் ஓரிடத்தில் நிற்பதில்லை, அதனால் பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை என்பது. இன்றைய குறை நேர் எதிர்: பிள்ளை பள்ளிக்குப் போகிறது, அதனால் படகு நகர்வதில்லை.

இடையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சரக்குப் போக்குவரத்து செத்துக்கொண்டிருந்த காலத்தில் கால்வாய்கள்மேல் பொதுமக்களுக்கு மறுபடி ஆசை வரக் காரணமான புத்தகம், எல்.டி.சி. ரோல்ட் 1944இல் வெளியிட்ட ‘நேரோ போட்’. ‘க்ரெஸ்ஸி’ என்ற தம் படகில் அவர் செய்த பயணத்தின் கதை அது. 1946இல் கால்வாய்களைக் காக்க அமைந்த இன்லண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷனின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அந்த க்ரெஸ்ஸி, 1941 முதல் 1946 வரை, டார்டெபிக் என்ற ஊரில் ஒரே கரையில் கட்டிக் கிடந்தது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் ரோல்டின் வீட்டு வாசலில் எத்தனை அறிவிப்புகள் ஒட்டப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1995 சட்டத்துக்கும் முன்கதை இருக்கிறது. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எல்லாப் படகுக்கும் நிரந்தரத் துறை கட்டாயம் என்பதுதான் பிரிட்டிஷ் வாட்டர்வேஸின் விருப்பம். ஆண்டுக்கணக்கில் நீண்ட விசாரணையில் படகுவாசிகள் வந்து முறையிட்டார்கள். அதன் பலன்தான் துறையில்லாதவர்களுக்கான விதிவிலக்கு. ஆக, துறையில்லாமல் வாழ்வது சட்டத்தின் ஓட்டை வழியே நுழைந்த தந்திரம் என்று சிலர் பேசுவது தவறு. நாடாளுமன்றம் தெரிந்தே திறந்து வைத்த கதவு அது. எவ்வளவு அகலமாகத் திறந்தது என்பதில்தான் வழக்கு.

அந்த அகலத்தை முதலில் அளந்தது பிரிஸ்டல் கவுன்ட்டி நீதிமன்றம். கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் பாத் நகருக்கும் பிராட்ஃபர்ட் ஆன் ஏவன் என்ற சிற்றூருக்கும் இடைப்பட்ட சுமார் பத்து மைலில் ஒரு படகுக்காரர் முன்னும் பின்னுமாகப் போய்வந்துகொண்டிருந்தார். 14 நாள் விதியை அவர் மீறவில்லை. ஆனாலும் அவர் படகை வீடாகப் பயன்படுத்துகிறார், விதிக்குக் கட்டுப்படுவதற்காக மட்டுமே நகர்த்துகிறார், அது மெய்யான பயணம் ஆகாது என்று 2011இல் தீர்ப்பானது. கவுன்ட்டி நீதிமன்றத் தீர்ப்பு பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நிர்வாகத்துக்கு அதுவே போதுமான பிடியாக அமைந்தது. அறக்கட்டளையின் வழிகாட்டு நெறிகள் ‘இடம்’ என்பதற்கு ஒரு வட்டாரம், ஒரு கிராமம், ஒரு நகர்ப்பகுதி என்று பொருள் கொண்டன. சிறு பரப்புக்குள் ஊசலாடுவது போதாது என்றன. வேலைக்கோ பள்ளிக்கோ போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது கூடுதல் நாள் நிற்க ஏற்கத்தக்க காரணமல்ல என்றும் வெளிப்படையாகவே எழுதி வைத்தன.

உண்மையான கெடுபிடி 2015 மே மாதத்தில் தொடங்கியது. உரிமக் காலத்தில் படகு சென்ற இரு எல்லைகளுக்கு நடுவிலுள்ள வீச்சு 15 முதல் 20 மைலுக்குக் குறைவாக இருந்தால், விதியைப் பின்பற்றியதாகத் தங்களைத் திருப்திப்படுத்துவது மிகக் கடினம் என்று அறக்கட்டளை அறிவித்தது. கவனிக்க வேண்டியது, ஓடிய மொத்தத் தூரம் அல்ல, வீச்சு. ஐந்து மைலுக்குள் நாற்பது முறை போய்வந்து ஆண்டில் நானூறு மைல் ஓட்டினாலும் வீச்சு ஐந்துதான். அந்தக் கணக்கில் தேறாதவர்களுக்கு ஓராண்டு உரிமம் கிடைக்காது. ஆறு மாத உரிமம் கிடைக்கும். அதிலும் தேறாவிட்டால் உரிமமே ரத்தாகும். உரிமம் போன கணத்தில் படகு அனுமதியின்றி நீரில் நிற்கும் பொருளாகிவிடுகிறது. அப்போது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வேலை செய்யத் தொடங்கும். 28 நாள் அறிவிப்பு கொடுத்துப் படகை நீரிலிருந்து அகற்ற அதிகாரம் தரும் பிரிவு அது. ஆள் குடியிருக்கும் படகென்றால் நீதிமன்றத்துக்குப் போவது வழக்கம். கடைசியில் கிரேன்.

தூரம் எப்படி அளக்கப்படுகிறது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முன்பு குதிரைகள் படகை இழுத்துப் போன கரைப் பாதையில் உரிமக் கண்காணிப்பாளர் ஒருவர் நடந்தோ சைக்கிளிலோ வருகிறார். ஒவ்வொரு படகின் பக்கத்திலும் ஒட்டப்பட்டிருக்கும் பதிவெண்ணைக் கையிலுள்ள கருவியில் ஏற்றுகிறார். எண், தேதி, கால்வாயின் எந்தத் துண்டு என்பது. அவ்வளவுதான் பதிவு. மாதம் ஓரிரு முறை அவர் அந்த வழியாக வருவார். சில பகுதிகளில் இன்னும் அரிதாக. இந்தப் புள்ளிகளை இணைத்து வரையும் கோடுதான் அந்தப் படகின் ஆண்டு. நடுவில் வேறெங்கோ போய்த் திரும்பியிருந்தால் புள்ளிகள் அதைக் காட்டா. அதனால் படகுவாசிகள் பலர் தாங்களும் ஒரு பேரேடு வைத்திருக்கிறார்கள். எந்தத் தேதி எந்தப் பாலத்தடியில் கட்டினோம், எப்போது அவிழ்த்தோம் என்ற குறிப்போடு, பால எண் தெரியும்படி போனில் எடுத்த படமும் இருக்கும்.

என் பார்வையில் சிக்கலின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது. சட்டம் கேட்பது நோக்கத்தை: மெய்யாகவே பயணம் செய்கிறாயா? கருவி பதிவது நிலையை: இன்று எங்கே நிற்கிறாய்? நிலையை வைத்து நோக்கத்தைக் கணிக்க ஓர் எண் தேவைப்பட்டது. சட்டத்தில் இல்லாத அந்த எண் கொள்கை அறிவிப்பின் வழியே நுழைந்தது. தூரத்தைச் சட்டத்திலேயே எழுதியிருந்தால் அது கடுமையாக இருந்தாலும் மக்கள் அதற்கேற்ப வாழ்வைத் திட்டமிட்டிருப்பார்கள். இப்போதோ குறைந்தபட்சத் தூரம் இதுதான், இதைக் கடந்தால் போதும் என்று அறக்கட்டளை சொல்வதில்லை. இதற்குக் குறைந்தால் ஐயப்படுவோம் என்று மட்டும் சொல்கிறது.

இருபது மைல், அதாவது 32 கிலோமீட்டர், காரில் அரை மணி. கால்வாயில் வேகவரம்பே மணிக்கு நான்கு மைல். கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதி. இதற்கு நடுவே லாக்குகள்: படகை ஓர் அறைக்குள் விட்டு, கதவை அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அமைப்புகள். கைப்பிடியைச் சுழற்றி மதகைத் திறப்பதும் கனத்த மரக்கதவை முதுகால் தள்ளுவதும் படகுக்காரர் வேலை. லாக் ஒன்றுக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். தனியாள் என்றால் இன்னும் கூடும்.

பாத் பகுதியையே எடுத்துக்கொள்வோம். பாத், பிராட்ஃபர்ட், டிரௌபிரிட்ஜ் வரை கால்வாயை ஒட்டியோ நடக்கும் தூரத்திலோ ரயில் நிலையங்கள் உண்டு. பாத்தில் வேலை பார்ப்பவர் இந்தப் பகுதிக்குள் எங்கே கட்டினாலும் காலையில் ரயிலேறிப் போய்விடலாம். வீச்சை இருபது மைலாக்க வேண்டுமென்றால் கிழக்கே டிவைசஸ் போக வேண்டும். டிவைசஸ் ஏற்றத்தில் 29 லாக்குகள். அதில் கேன் ஹில் சரிவில் மட்டும் பதினாறு, படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று. ஏறி முடிக்க ஒரு பகல் போய்விடும். மேலே போனால் டிவைசஸில் ரயில் இல்லை. அந்த நிலையத்தை 1966இலேயே மூடிவிட்டார்கள். இந்தப் பகுதியில் பத்து மைலுக்குள் ஊசலாடுகிறவர்கள் சோம்பலால் ஊசலாடவில்லை. ரயில் தண்டவாளம் எங்கே கால்வாயை விட்டு விலகுகிறதோ அங்கே அவர்கள் திரும்புகிறார்கள்.

லண்டனின் லீ ஆற்றுக் கால்வாயில் நிலைமை சற்றுத் தேவலை. ஹாக்னியிலிருந்து வடக்கே ப்ராக்ஸ்போர்ன், ஹார்ட்ஃபர்ட் வரை ரயில் பாதை ஆற்றின் கூடவே ஓடுகிறது. அதனாலேயே அங்கே நெரிசல். இங்கும் விதியின் விலை வேறு வழியில் வந்து சேர்கிறது. ஹாக்னிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, படகு வடக்கே நகர நகர, ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் ஒரு புதிய பயண நேரத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். பெரும் தூரத்தைக் கோடை விடுமுறைக்கு ஒத்திப்போடுவது குடும்பங்கள் கண்டுகொண்ட உபாயம். விடுமுறையில் என்ஜின் கெட்டுவிட்டால் அந்த ஆண்டின் கணக்கு கெட்டது.

பழுதுக்கும் நோய்க்கும் சட்டம் இடம் தருகிறது. நீர் உறைந்துவிட்டால், பழுதுபார்ப்புக்காக லாக்கை மூடிவிட்டால், படகுக்காரருக்கு உடல்நிலை சரியில்லையென்றால், கூடுதல் நாள் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சமத்துவச் சட்டம் 2010இன்படி சலுகையும் உண்டு. ஆனால் இவை எல்லாம் கேட்டுப் பெற வேண்டியவை. கீமோதெரபிக்குப் போய்வரும் ஒருவர், தாம் ஏன் அடுத்த ஊருக்குப் போகவில்லை என்று மருத்துவரின் கடிதத்தோடு விளக்க வேண்டும். அந்தக் கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்பது அடுத்த கேள்வி. துறையில்லாப் படகுக்கு அஞ்சல் முகவரி கிடையாது. நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்திருப்பார்கள். அறிவிப்பு அங்கே வந்து கிடக்கும், அல்லது படகின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டு மழையில் நனையும்.

கெடுபிடி இன்னொரு விளைவையும் தந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. துறை இருந்தால் பயணக் கட்டாயம் இல்லையே என்று, எங்கோ வடக்கில் ஆளில்லாத பண்ணை ஓரம் மலிவாக ஒரு துறையை வாடகைக்கு எடுத்து அதைத் தாளில் காட்டிவிட்டு லண்டனில் படகைக் கட்டியவர்கள் உண்டு. படகுக்காரர்கள் இதைப் ‘பேய்த்துறை’ என்பார்கள். படகு ஒருநாளும் அந்தத் துறையைப் பார்த்திராது. இதைத் தடுக்க, துறையுள்ள படகும் துறையை விட்டு வெளியே இருக்கும்போது மெய்யான பயணத்தில் இருக்க வேண்டும் என்று உரிம நிபந்தனை மாறியது. ஒரு விதியின் கசிவை அடைக்க இன்னொரு விதி.

மறுதரப்பின் குறையை லேசாகத் தள்ளிவிட முடியாது. லண்டன் நடுப்பகுதியில் இரண்டு படகுகளைப் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டியும் இடம் போதுவதில்லை. வாடகைப் படகெடுத்துக் குடும்பத்தோடு வருகிறவர், 48 மணி நேரம் மட்டும் நிற்க ஒதுக்கிய கரையில் மூன்று வாரமாக நகராத படகைப் பார்த்தால் எரிச்சலடையத்தான் செய்வார். நிரந்தரத் துறைக்கு ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பவுண்டு கட்டுகிறவருக்கு, பக்கத்தில் எதுவும் கட்டாமல் நிற்பவர்மேல் கோபம் வருவது இயற்கை. கைவிடப்பட்டு மூழ்கும் படகைத் தூக்கிப் போடும் செலவு அறக்கட்டளை தலையில் விழுகிறது. கரையோர அடுக்ககங்களில் வசிப்பவர்கள் குளிர்காலத்தில் விறகுப் புகையைச் சுவாசிக்கிறார்கள். இவை உண்மையான பிரச்சினைகள். ஆனால் இவற்றில் ஒன்றுகூட இருபது மைல் வீச்சால் தீர்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு படகு நகர்ந்த இடத்தில் அதே கெடு முடிந்த இன்னொரு படகு வந்து நிற்கும். மொத்தப் படகுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். அவற்றின் வரிசை மட்டும் மாறும். நெரிசலுக்கு மருந்து கூடுதல் கரை. கழிவுத்தொட்டியும் குடிநீர்க் குழாயும் உள்ள கரை.

பணம் கட்டினால் அதே கரையில் நிற்கலாம் என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டியது. குளிர்காலத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி இறுதி வரை, ஓரிடத்தில் நகராமல் நிற்க அறக்கட்டளை தனி அனுமதி விற்கிறது. லண்டனின் சில நல்ல கரைகளை முன்பதிவு செய்து நாள் கட்டணத்துக்கு எடுக்கலாம். குறுங்கால நிறுத்தங்களில் கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 25 பவுண்டு என்ற பலகைகள் பல இடங்களில் உண்டு. அந்தக் கட்டணத்தின் சட்ட அடிப்படையைப் படகுவாசிகள் ஒப்புவதில்லை. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொரு படி: துறையில்லாப் படகுகளுக்கு உரிமக் கட்டணத்தின்மேல் தனிக் கூடுதல் கட்டணம். முதலாண்டு 5 சதவீதம், 2028க்குள் 25 சதவீதம். துறையில்லாதவர்கள் நீர்வழியை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்பது அறக்கட்டளையின் நியாயம். அதன் கஜானா நிலையும் சேர்ந்தே பேசுகிறது: 2027க்குப் பிந்தைய பத்தாண்டுக்கு அரசு மானியம் ஆண்டுதோறும் குறையும் என்று 2023 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் பர்மிங்காமில் படகுவாசிகள் திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். 2009இல் உருவான ‘நேஷனல் பார்ஜீ டிராவலர்ஸ் அசோசியேஷன்’ போன்ற அமைப்புகள் இதை விலையால் செய்யும் வெளியேற்றம் என்கின்றன. அந்தச் சொல் கடுமையானதாக இருக்கலாம். ஆனால் நகரச் சொல்லும் விதியும் நகர்வதற்காகவே கூடுதல் கட்டணம் கேட்கும் விதியும் ஒரே வீட்டுக்கு வந்து சேரும்போது அந்த வீட்டுக்காரர் எந்த விதியை நிறைவேற்றினாலும் நஷ்டம்தான்.

2024 இறுதியில் உரிம முறை முழுவதையும் ஆராய அறக்கட்டளை ஒரு சுயேச்சை ஆணையத்தை நியமித்தது. முப்பதாண்டுப் பழைய சட்டம் இன்றைய கால்வாய்க்குப் போதவில்லை என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகும் அரிய இடம் அது. எந்தப் பக்கமாகப் போதவில்லை என்பதில் மட்டும் ஒற்றுமை இல்லை.

வீட்டுக் கொள்கையின் பக்கம் போய்ப் பார்த்தாலும் பொறுப்பேற்க ஆள் அகப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் வீட்டுவசதி, திட்டமிடல் சட்டம் 124ஆம் பிரிவு, தங்கள் பகுதியில் படகில் குடியிருப்பவர்களுக்கு எவ்வளவு துறை தேவை என்பதையும் உள்ளாட்சி அமைப்புகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. நீரும் கரையும் பெரும்பாலும் அறக்கட்டளையின் கையில். தான் வீட்டுவசதி அமைப்பல்ல என்பது அறக்கட்டளையின் நிலை. உள்ளாட்சி எண்ணிப் பார்க்கும். துறை கட்டித் தராது. அறக்கட்டளையிடம் கரை இருக்கிறது. அங்கே நிற்பது ஒரு குடும்பத்தின் வீடு என்று பார்க்கும் கடமை தனக்கில்லை என்கிறது. படகையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலை நீதிபதிக்கு வந்தது. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், படகு ஒருவரின் வீடாக இருக்கும்போது, ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவின்படி அவரை வெளியேற்றுவது அளவுக்கு மீறிய நடவடிக்கையா என்ற வாதத்தை விசாரிக்காமலே தள்ளிவிட முடியாது என்று முடிவு செய்தது. அந்த வழக்கின் படகும் கென்னட் அண்ட் ஏவனில், பிராட்ஃபர்ட் பக்கத்தில் நின்றதுதான். அன்று முதல், அந்த வாதத்தை எழுப்பத் தெரிந்தவருக்கும் வழக்கறிஞர் கிடைத்தவருக்கும் அது ஒரு கவசம். மழையில் நனைந்த அறிவிப்பைத் தாமதமாகப் பிரித்துப் பார்த்து, 28 நாளில் எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறவர் அந்தக் கட்டம் வரை போவது அபூர்வம்.